கணக்கைக் காட்டச் சொல்லி ஒன்றாக நீதிமன்றம் போவோம்

(தோட்டப் பாடசாலையில் நடந்த மாதர் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை. வர முடியாமல் போனவர்களும் வாசிக்க வேண்டும் என்று உறுப்பினர்கள் கேட்டதால் எழுத்தில் தருகிறோம்.)

அம்மாமாரே, அக்காமாரே, தங்கச்சிமாரே, வாசலோடு நிற்கும் அண்ணன் தம்பிமாரே,

கிழமை முழுக்க மலையில் நின்றுவிட்டு, உடுப்புத் துவைக்கவும் விறகு சேர்க்கவும் இருக்கும் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம். இன்றைக்குக் கதைக்கப் போவது லோன் விஷயம். கிழமைக்குக் கிழமை கட்டுகிற குழுக் கடன்.

முதலில் எங்கள் பக்கத்துப் பிழையைச் சொல்லிவிடுகிறோம். அந்தக் கம்பனிக்காரர்கள் இந்தத் தோட்டத்துக்கு முதன்முதலில் வந்தபோது கூட்டம் நடந்தது எங்கே? இதே பாடசாலை விறாந்தையில்தான். நாற்காலி எடுத்துப் போட்டவர்கள் நாங்கள். பெண்கள் சொந்தக் காலில் நிற்க உதவி செய்கிறார்கள் என்று நினைத்தோம். அவர்கள் நீட்டிய படிவம் எங்களில் பலருக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் இருந்தது. வாசிக்கக் கூடியவர்களும் வாசிக்கவில்லை. சங்கமும் அப்போது ஒரு வார்த்தை கேட்கவில்லை. சம்பளம், வேலை நாள், சேமலாப நிதி என்றால் ஓடுவோம். லோன் என்றால் அது அவரவர் வீட்டு விஷயம் என்று இருந்துவிட்டோம்.

அது வீட்டு விஷயம் இல்லை என்று எங்களுக்குக் காட்டியது வகுப்பு இடாப்பு. ஒரு தவணை முழுக்கச் செவ்வாய்க்கிழமைகளில் வரவு குறைந்துகொண்டே வந்தது. மழையும் இல்லை, காய்ச்சலும் இல்லை. விசாரித்துப் பார்த்தால், செவ்வாய்க்கிழமை லோன் காசு வாங்க ஆள் வருகிற நாள். கட்டக் காசில்லாத வீட்டில் அம்மா பின்பக்கத்தால் போய்விடுவார். பிள்ளையை வாசலில் உட்கார வைத்திருப்பார்கள், “அம்மா இல்லீங்க, மலைக்குப் போயிட்டாங்க” என்று சொல்வதற்கு. நாங்கள் வகுப்பில் உண்மை பேசு என்று சொல்லிக்கொடுக்கிறோம். லோன் வீட்டில் பொய் பேசப் பழக்குகிறது. அந்தப் பிள்ளையைக் கோபித்து என்ன பயன்?

கரும்பலகையில் போட்ட கணக்கு

இப்போது கணக்குக்கு வருவோம். உங்களில் ஒருவருடைய கட்டண அட்டையை வைத்துத்தான் இந்தக் கணக்கைப் போட்டோம். பெயர் சொல்லப் போவதில்லை.

கடன் 50,000 ரூபா. படிவச் செலவு, காப்புறுதி என்று முதலிலேயே 2,500 வெட்டிக்கொண்டார்கள். கையில் வந்தது 47,500. கிழமைக்கு 1,250 படி 52 கிழமை கட்ட வேண்டும். பெருக்கிப் பார்த்தால் 65,000. “வருசத்துக்கு 30 சதவீதம்தான் அக்கா” என்று சொன்னார்கள். 50,000க்கு 15,000 வட்டி, ஆக 30 சதவீதம் சரிதானே என்று தோன்றும்.

சரியில்லை. ஏனென்றால் அந்த 50,000 ஒரு வருசம் முழுக்க நம் கையில் இருக்கவில்லை. முதல் கிழமையே 1,250 திரும்பிப் போய்விட்டது. பாதி வருசம் முடியும்போது 26 கட்டு முடிந்து 32,500 கொடுத்துவிட்டோம். ஆனால் வட்டி மட்டும் கடைசிக் கிழமை வரைக்கும் முழு 50,000க்கும் போடப்பட்டது. முதலிலே வெட்டிய 2,500ஐயும் சேர்த்து, கையில் மீதி இருந்த காசுக்கு மட்டும் வட்டி என்று ஒழுங்காகக் கணக்குப் பார்த்தால், வருசத்துக்கு 65 சதவீதம் அளவில் வருகிறது. 30 என்று சொல்லி 65. அதே அட்டை, அதே காசு. கணக்குப் போடும் விதம்தான் வேறு.

இன்னும் ஒன்று. 30 கிழமை கட்டின பிறகு கஷ்டம் வந்தால், “புதுசா ஒரு லோன் போட்டு பழசை முடிச்சுடலாம்” என்பார்கள். புதுக் கடனும் 50,000. பழைய 22 கட்டுக்கும் 27,500ஐ அதிலே பிடிப்பார்கள். இன்னும் நாள் வராத வட்டியும் அதற்குள்ளே இருக்கிறது. மறுபடியும் 2,500 வெட்டு. கையில் 20,000. இந்த 20,000ஐ வாங்கிக்கொண்டு மறுநாளிலிருந்து மறுபடி 52 கிழமைக்கு 1,250. இப்படி மூன்று முறை புதுப்பித்தவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டால் “நான் என்னத்துக்கு லோன் எடுத்தேன்னே மறந்துபோச்சு டீச்சர்” என்கிறார்கள்.

கட்ட முடியாவிட்டால் யார் கட்டுவது? குழுவில் மற்ற நான்கு பேரும். அதுதான் இந்த முறையின் சூட்சுமம். கம்பனிக்காரன் நம்மைத் திட்டத் தேவையில்லை. பக்கத்து வீட்டு அக்காவே திட்டுவார். ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள் இன்று முகம் பார்ப்பதில்லை. பிரட்டுக்களத்தில் பக்கத்தில் நிற்பதில்லை. ஒரு லயத்தையே இரண்டாக்கிவிட்டார்கள்.

இது புதிதா?

நம்முடைய பாட்டன் பூட்டன் காலத்தில் “துண்டு” என்று ஒன்று இருந்தது. வயதானவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். கங்காணியின் கீழ் இருந்த ஆட்களின் கடனை ஒரு கடுதாசியில் எழுதி வைப்பார்கள். அந்தத் தொகையைக் கட்டும் தோட்டத்துக்குத்தான் ஆட்களை விடுவார்கள். கடன் யார் கையிலோ, ஆட்கள் அவர்கள் கையில். எவ்வளவு வாங்கினோம், எவ்வளவு கழிந்தது என்று அந்த மக்களுக்குத் தெரியாது. கணக்கு கங்காணியிடம். 1921இல் அந்தத் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

நூறு வருசம் கழித்து நம்முடைய கையில் ஒரு கட்டண அட்டை இருக்கிறது. நாம் கட்டியது அதில் இருக்கிறது. ஆனால் எவ்வளவு முதலுக்குப் போனது, எவ்வளவு வட்டிக்குப் போனது, தண்டப் பணம் எவ்வளவு என்று அந்த அட்டையில் இல்லை. கணக்கு மறுபடியும் அவர்களிடம்.

இது நம் தோட்டத்துக்கு மட்டும் வந்த நோயும் இல்லை. 2018 செப்டெம்பரில் ஐக்கிய நாடுகள் சபையின் சுயாதீன நிபுணர் உவான் பப்லோ பொஹோஸ்லாவ்ஸ்கி இலங்கைக்கு வந்தார். சில நுண்கடன்களின் வட்டி வருசத்துக்கு 220 சதவீதம் வரை போகிறது என்று அவர் சொன்னார். பெண்களிடம் கடன் அறவிட வருகிறவர்கள் நடந்துகொள்ளும் விதத்தையும் அவர் கண்டித்தார். 2021 மார்ச் 8, மகளிர் தினத்தன்று, பொலன்னறுவை ஹிங்குரக்கொடையில் சிங்களச் சகோதரிகள் இதே நுண்கடனுக்கு எதிராகச் சத்தியாக்கிரகத்தில் உட்கார்ந்தார்கள். 50 நாட்களுக்கு மேல் வீதியோரத்தில் இருந்தார்கள். அவர்கள் வயல் வேலை செய்கிறவர்கள், நாம் தேயிலை மலையில் வேலை செய்கிறவர்கள். மொழி வேறு, கட்டண அட்டை ஒன்று.

சலுகை வேறு, உரிமை வேறு

“அரசாங்கம் தள்ளுபடி செய்யாதா?” என்று பலர் கேட்கிறீர்கள். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த, ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட சில கடன்களுக்குத் தள்ளுபடி அறிவித்தார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அது சலுகை. கொடுப்பவர் விரும்பும்போது, விரும்பும் இடத்துக்குக் கொடுப்பது.

2016ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நுண்நிதியளிப்புச் சட்டமும் வந்தது. அது பொதுமக்களிடம் வைப்புப் பணம் வாங்குகிற நுண்நிதிக் கம்பனிகளுக்கு அனுமதிப்பத்திரம் கொடுத்துக் கட்டுப்படுத்துவதற்கு வந்தது. வைப்பு வாங்காமல், கடன் மட்டும் கொடுக்கிறவர்கள் அந்த வலைக்கு வெளியே நின்றார்கள்.

அப்படியென்றால் நமக்கு ஒன்றும் இல்லையா? இருக்கிறது. நாங்கள் ஒரு சட்டத்தரணியைக் கண்டு, உங்களுடைய சில அட்டைகளையும் காட்டிக் கதைத்தோம். அவர் சொன்னதை உங்களுக்குப் புரியும்படி சொல்கிறோம்.

1918ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கப் பணக் கடன் கொடுத்தல் கட்டளைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. நம் பாட்டிமார் காலத்துச் சட்டம். வட்டி அளவுக்கு மிஞ்சியதாகவும், கொடுக்கல் வாங்கல் கொடுமையானதாகவும் இருந்தால், நீதிமன்றம் அந்தக் கணக்கைத் திறந்து மறுபடி பார்க்கலாம். நியாயமான தொகை எவ்வளவு என்று தீர்மானிக்கலாம். கூட வாங்கியிருந்தால் அதற்கும் கட்டளை இடலாம். கடன் வாக்குறுதிப் பத்திரத்தில் உண்மையில் கொடுத்த காசு எவ்வளவு, முற்கூட்டியே வெட்டியது எவ்வளவு, வட்டி வீதம் என்ன என்று எழுதியிருக்க வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. தொகையை எழுதாத வெற்றுப் பத்திரத்தில் கையொப்பம் வாங்குவது குற்றம். இங்கே எத்தனை பேர் வெறும் கடுதாசியில் கையொப்பம் வைத்தீர்கள்? கையைத் தூக்குங்கள். பார்த்துக்கொள்ளுங்கள், பாதி மண்டபம்.

எல்லா நிறுவனத்துக்கும் ஒரே மாதிரிப் பொருந்துமா என்றால், இல்லை. வங்கி, பதிவு பெற்ற நிதிக் கம்பனி, வெறும் கம்பனி என்று ஒவ்வொன்றுக்கும் சட்டம் மாறும். அதனால்தான் யார் யாரிடம் எடுத்தோம் என்று கடுதாசியில் உள்ள பெயரைப் பார்த்து முதலில் பிரிக்க வேண்டும்.

ஏன் ஒன்றாகப் போக வேண்டும்?

தனித்தனியாகப் போனால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அவர்களுக்கு நிரந்தரமாகச் சட்டத்தரணி இருக்கிறார். நமக்கு ஒரு நாள் நீதிமன்றம் போனால் ஒரு நாள் பெயர் இல்லை. பஸ் காசு வேறு. தனியாகப் போகிறவர் “கடன் கட்டாதவர்”. நாற்பது பேர் ஒரே மாதிரி அட்டையோடு போனால் அது ஒரு முறைப்பாடு. ஒரு அட்டையில் கணக்குப் பிழை என்றால் தவறிப் போயிற்று என்பார்கள். நாற்பது அட்டையிலும் அதே பிழை என்றால் அது அவர்களுடைய வழக்கம் என்று தெரிந்துவிடும்.

சட்டத்திலும் அதற்கு வழி இருக்கிறது. குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 16ஆம் பிரிவு: ஒரே பொதுவான அக்கறை உள்ளவர்கள் பலர் இருந்தால், நீதிமன்றத்தின் அனுமதியோடு அவர்களில் ஒருவரோ சிலரோ எல்லோருக்காகவும் வழக்குத் தொடரலாம். அப்படிச் செய்தால் மற்ற எல்லோருக்கும் அறிவித்தல் கொடுக்க வேண்டும். ஆள் அதிகம் என்றால் பத்திரிகையில் விளம்பரம் போட வேண்டும். அந்தச் செலவு வழக்குப் போடுகிறவர்களுடையது.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. ஒவ்வொருவருடைய கடனும் தனி ஒப்பந்தம் என்று எதிர்த்தரப்புச் சொல்லும். பொது அக்கறை இல்லை என்று நீதிபதி நினைத்தால் அனுமதி கிடைக்காது. அப்படியானால் ஒரே சட்டத்தரணியை வைத்து ஒரே மாதிரி வழக்குகளாகப் போடலாம். அல்லது நல்ல ஆதாரம் உள்ள சிலருடைய வழக்கை முன்னால் கொண்டுபோய், மற்றவர்கள் பின்னால் நிற்கலாம். எந்த வழி என்பதைச் சட்டத்தரணி சொல்லட்டும். எந்த வழியாக இருந்தாலும் நமக்குத் தேவை ஒன்றுதான்: எல்லாக் கடுதாசியும் ஒரே மேசையில் இருக்க வேண்டும்.

கம்பனிகளிடமிருந்தே இதைப் படிக்கலாம். 2021இல் நமக்கு நாளுக்கு 1,000 ரூபா என்று சம்பள நிர்ணய சபை மூலம் வர்த்தமானி வந்தபோது, தோட்டக் கம்பனிகள் என்ன செய்தன? ஒவ்வொன்றும் தனித்தனியாக அழுதுகொண்டா இருந்தன? சேர்ந்து மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போயின. நூறு மலை வைத்திருக்கிறவர்களே தனியாகப் போகவில்லை. அரைப் பேர் சம்பளத்தை எண்ணுகிற நாம் தனியாகப் போகலாமா?

தென்னாபிரிக்காவில் 15 பேர்

தோட்டத் தொழிலாளர்கள் இப்படிச் செய்து வென்றது உண்டா என்று சட்டத்தரணியிடம் கேட்டோம். தென்னாபிரிக்காவைச் சொன்னார்.

அங்கே மேற்குக் கேப் மாகாணத்தில் ஸ்டெலென்பொஷ் என்ற ஊர். திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த இடம். அங்கும் குறைந்த சம்பளக்காரர்கள் சிறு கடன் எடுத்தார்கள். கட்ட முடியாமல் போனபோது கடன் கம்பனிகள் சம்பளத்திலேயே பிடிக்கும்படி நீதிமன்றக் கட்டளை வாங்கின. நம் பாஷையில் சொன்னால், செக்ரோலிலேயே வெட்டு. அந்தக் கட்டளையை நீதிபதி பார்க்கவே இல்லை. நீதிமன்ற எழுதுவினைஞர் கையொப்பம் போட்டுக் கொடுத்தார். அதுவும் தொழிலாளி போகவே முடியாத தூரத்தில், நூற்றுக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பால் உள்ள நீதிமன்றங்களில். சம்பள நாளன்று கையில் மீதி என்ன, குடும்பம் எப்படிச் சாப்பிடும் என்று யாரும் கேட்கவில்லை. ஒரு திராட்சைத் தோட்டத்துச் சொந்தக்காரி தன் தொழிலாளியின் சம்பளத்தில் நடக்கும் வெட்டைக் கண்டு கேள்வி கேட்டதில் விஷயம் வெளியே வந்தது.

ஸ்டெலென்பொஷ் பல்கலைக்கழகத்தின் சட்ட உதவி நிலையமும் 15 தொழிலாளர்களும் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். தங்களுக்காக மட்டும் அல்ல, அதே நிலையில் இருந்த மற்றவர்களுக்காகவும். 2015 ஜூலையில் கேப் மேல் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2016 செப்டெம்பர் 13 அன்று நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றமும், நீதிபதி பார்க்காமல், நியாயமா, தொகை பொருத்தமா என்று ஆராயாமல் ஒருவருடைய சம்பளத்தில் கை வைக்கக் கூடாது என்று சொன்னது. பிறகு 2017இல் சட்டமே திருத்தப்பட்டது. அடிப்படைச் சம்பளத்தில் காற்பங்குக்கு மேல் இப்படி வெட்டக் கூடாது என்று வந்தது.

இதில் மூன்று விஷயத்தைக் கவனியுங்கள். ஒன்று, ஆயிரக்கணக்கானவர்கள் பாதிக்கப்பட்டார்கள், முன்னால் நின்றவர்கள் 15 பேர். இரண்டு, நாட்டு மட்டத்தில் முடிய வருசக்கணக்கு ஆனது. மூன்று, அந்த நீதிமன்றம் எல்லோருடைய கடனையும் அழித்துவிடவில்லை. கணக்குப் பார்க்க வேண்டும், சாப்பாட்டுக்கு மீதி வைக்க வேண்டும் என்றுதான் சொன்னது. அது சின்ன வெற்றியா? சம்பள நாளில் வெறுங்கையோடு வீட்டுக்குப் போனவரைக் கேட்டுப் பாருங்கள்.

நாம் கேட்பது என்ன?

“வாங்கின கடனைக் கட்டாமல் ஏமாத்தவா சங்கம் சொல்லுது?” என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். போன கிழமை நம் தலைவர் ஒருவரே கேட்டார். நியாயமான கேள்வி. நம் சனங்கள் கடனுக்குப் பயந்தவர்கள். கடை அண்ணாச்சியிடம் எழுதி வைத்ததைச் சம்பளத்தன்றே கொண்டுபோய்க் கொடுக்கிறவர்கள். அந்த மானத்தைத்தான் கம்பனி பிணையாக வாங்கியிருக்கிறது.

நாம் கட்டமாட்டோம் என்று சொல்லவில்லை. கணக்கைக் காட்டு என்கிறோம். எவ்வளவு தந்தாய், எவ்வளவு வாங்கினாய், இன்னும் நியாயமாக எவ்வளவு வர வேண்டும்? இந்த மூன்றையும் நீதிபதிக்கு முன்னால் சொல். மீதி இருந்தால் கட்டுவோம். கூட வாங்கியிருந்தால் திருப்பித் தா. கணக்குக் கேட்பது ஏமாற்று இல்லை. கணக்குக் காட்டாமல் இருப்பதுதான் ஏமாற்று.

பொய்யான நம்பிக்கை வேண்டாம்

வழக்குப் போட்ட மறுநாளே கட்டு நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள். நீதிமன்றம் கட்டளை தரும் வரைக்கும் கடன் கடன்தான். “சங்கம் சொல்லிச்சு” என்று யாரும் தானாகக் கட்டை நிறுத்த வேண்டாம். நிறுத்துவதா, குறைப்பதா என்று சட்டத்தரணியோடு கதைத்துத்தான் முடிவு. தோற்றால் எதிர்த்தரப்பின் செலவையும் கட்டச் சொல்லலாம். அதையும் தெரிந்துகொண்டுதான் பெயர் கொடுக்க வேண்டும். குறிப்பிட்ட தொகைக்குக் குறைந்த பணத் தகராறுகள் சில முதலில் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டியும் வரும். அங்கே கூப்பிட்டாலும் தனியாகப் போய் எதிலும் கையொப்பம் வைக்காதீர்கள்.

வழக்குச் செலவுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு அவர்கள் சட்டத்தரணியைத் தருவார்கள். விண்ணப்பம் நிரப்ப நாங்கள் உதவி செய்கிறோம். சங்கத்தின் பெயரில் யாராவது காசு கேட்டால் பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு ரூபாவும் கொடுக்க வேண்டாம். எங்களுக்கும்தான். வழக்குக்கென்று இன்னொரு லோன் எடுத்துவிடாதீர்கள். சிரிக்கிறீர்கள், ஆனால் ஒரு அக்கா கேட்டேவிட்டார்.

பயமுறுத்துகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடன் கட்ட முடியாமல் போவது குற்றம் இல்லை. அதற்காகப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போகாது. காசோலை எழுதிக் கொடுத்திருந்தால் மட்டும் அது வேறு விஷயம். உடனே எங்களிடம் சொல்லுங்கள். நீதிமன்றக் கட்டளை இல்லாமல் வீட்டுக்குள் வந்து ரீவியையோ காஸ் அடுப்பையோ தூக்கிக்கொண்டு போக யாருக்கும் உரிமை இல்லை. இருட்டின பிறகு வந்து வாசலில் உட்காருவதும், தகாத வார்த்தை பேசுவதும், தகாத விதமாகக் கேட்பதும் முறைப்பாடு செய்ய வேண்டிய விஷயங்கள். வெட்கப்பட வேண்டியது நாம் இல்லை.

நீதிமன்றத்திலிருந்து அழைப்பாணை வந்தால் அதை உத்தரத்தில் சொருகி வைக்காதீர்கள். போகாவிட்டால் ஒருதலையாகத் தீர்ப்பு வந்துவிடும். பிறகு வாய் திறப்பது கஷ்டம். வந்த அன்றே கொண்டுவாருங்கள், பாதி ராத்திரி என்றாலும் சரி.

இன்னுமொன்று. கடன் கழுத்தை நெரிக்கும்போது மனம் எங்கெங்கோ போகும். நம் மலையில் அப்படி இழந்தவர்களை நாம் அறிவோம். அப்படி யாருக்காவது தோன்றினால் பக்கத்து வீட்டைத் தட்டுங்கள். 1926 என்ற தொலைபேசி இலக்கத்தில் மனநல உதவி கிடைக்கும். கடனுக்கு வழக்கு இருக்கிறது, தவணை இருக்கிறது, வழி இருக்கிறது. உயிருக்கு இரண்டாம் தவணை இல்லை.

அடுத்த ஞாயிறு

வழக்கு தொடங்குவது நீதிமன்றத்தில் இல்லை. நம் தகரப் பெட்டிக்குள், தலையணைக்குக் கீழே, சாமிப் படத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்த கடுதாசியை வெளியே எடுப்பதில் தொடங்குகிறது. அதனால் இவற்றை எடுத்துவாருங்கள்:

1. கடன் ஒப்பந்தத்தின் பிரதி. தரவில்லை என்றால் கவலை இல்லை, தரச் சொல்லிப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புவோம்.
2. கட்டண அட்டை, பற்றுச்சீட்டுகள். பழையது, முடிந்தது என்று எரித்துவிடாதீர்கள்.
3. கடன் காசு வங்கிக்கு வந்திருந்தால் வங்கிப் புத்தகம். ஒப்பந்தத்தில் எவ்வளவு, கையில் எவ்வளவு என்பதற்கு அதுதான் சாட்சி.
4. கம்பனி அனுப்பிய கடிதம், கைப்பேசியில் வந்த செய்தி. அழிக்க வேண்டாம்.
5. கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு.

கூடவே ஒரு கொப்பி. யார் வந்தார், எந்த நாள், என்ன சொன்னார், யார் பக்கத்தில் இருந்தார் என்று எழுதி வையுங்கள். எழுத வராதவர்களுக்கு உயர்தர வகுப்புப் பிள்ளைகள் எழுதித் தருவார்கள், கேட்டு வைத்திருக்கிறோம். மூலப் பத்திரத்தை யாரிடமும் கொடுக்க வேண்டாம், எங்களிடமும். போட்டோப் பிரதி எடுத்துக்கொண்டு அங்கேயே திருப்பித் தருவோம்.

அண்ணன்மாரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. “பொம்பளைங்க எடுத்த கடன்” என்று ஒதுங்க வேண்டாம். அந்தக் காசில் கூரைத் தகரம் மாற்றினோம், பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கினோம், அப்பாவை வாட்டில் வைத்துப் பார்த்தோம். கையொப்பம் ஒருவருடையது, சாப்பிட்டது வீடு முழுக்க. அன்றைக்கு அடுப்பைப் பார்த்துக்கொண்டு மனைவியை அனுப்பிவையுங்கள்.

கடைசியாக, குழுவுக்குள் சண்டை போட்டுக்கொண்டவர்களுக்கு. உங்களுக்குக் கட்டியவருக்கும், கட்ட முடியாமல் போனவருக்கும் எதிராளி ஒன்றே. ஐந்து பேரை ஒருவருக்கொருவர் பிணையாக்கியது அவர்களுடைய காசைக் காப்பாற்ற. அதே ஐந்து பேரும் ஒருவருக்கொருவர் சாட்சியானால் அது நம்மைக் காப்பாற்றும். முகம் பார்க்காதவர்கள் அடுத்த ஞாயிறு ஒரே வாங்கில் உட்காருங்கள். கதைக்க வேண்டாம், கடுதாசியை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மற்றது தானாக வரும்.

அடுத்த ஞாயிறு காலை 10 மணி, 5ஆம் வகுப்பு அறை. இந்த முறை நாற்காலி போடுவது உங்களுக்காக.